நூலை எரித்துப் பார்ப்பவள்

கடைக்காரர் "சுத்தப் பட்டும்மா" என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே வினிஃப்ரட் துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிவிடுவாள். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. உருகி உருண்டையானால், "இத நீயே கட்டிக்கப்பா" என்று கிளம்பிவிடுவாள்.

பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில் ஆண்டுதோறும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வேடமிட்டுக் கூடுகிறவர்கள், கடைசி நாள் மாலை 1863-ஆம் ஆண்டின் நடன விருந்தை அப்படியே நடத்துவார்கள். அங்கே சுழலும் உடைகளில் பாதி வினிஃப்ரட் தைத்தவை. தோள் தெரியும் கழுத்து, குட்டைக் கை, முதுகில் கயிறு கோத்து இறுக்கத் துளைகள். உள்தையலுக்கு இயந்திரம், துளைகள் ஒவ்வொன்றும் கையால். அறுபத்து நான்கு வயது. தைக்கும்போது வானொலிச் செய்தியோடு சண்டை போடுவாள், ஒருநாளும் தோற்றதில்லை.

இந்த ஆண்டு, பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் லவீனியாவுக்குப் பச்சைப் பட்டில் தைத்தாள். லவீனியா கறுப்பினப் பெண். முன்பு இரண்டு முறை வந்தபோதும், உடைகள் அக்காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று வாசலில் சோதிக்கும் ஆடைக்குழு அவளிடம் வேலைக்காரியின் வெள்ளை ஏப்ரனை நீட்டியது. துணியைச் சோதிக்க உட்கார்ந்தவர்கள் தோலைச் சோதித்தார்கள்.

"இந்தத் தடவையும் நீட்டினா, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாள் லவீனியா.

"வாங்க டீச்சர், நானும் கூட வரேன்."

வாசலில் குழுத் தலைவி ப்ரிசில்லா பச்சைப் பட்டின் விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். குறையில்லை. "தையல் பிரமாதம் வினி. ஆனா அந்தக் காலத்துல இவங்க இப்படி உடுத்தினாங்கன்னு ஆதாரம் வேணுமே?"

வினிஃப்ரட் ஒரு பழைய புகைப்படத்தின் நகலை நீட்டினாள். அதே 1863-இல் பிலடெல்பியாவில் எடுத்தது. பட்டு உடையில் நிமிர்ந்து நிற்கும் கறுப்பினப் பெண்.

"ஒரு போட்டோ போதுமா?"

"போதாதா? அப்ப உன் முதுகுல நான் மறைச்சுத் தைச்சேனே ஜிப்பு, அதுக்கு ஒரு போட்டோ காட்டு பாப்போம். அது புழக்கத்துக்கு வந்ததே அடுத்த நூற்றாண்டுலதான்!"

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. ப்ரிசில்லாவின் காது சிவந்தது. "வீட்ல கயிறு இறுக்கிவிட ஆள் இல்லன்னுதானடி கேட்டேன்..." என்று முனகியபடியே அவள் கதவைவிட்டு விலகினாள்.

லவீனியா பாவாடையை இரு கையாலும் சற்றே தூக்கி, விளக்கொளிக்குள் நடந்தாள். உள்ளே வயலின் தொடங்கியது.

அவளைப் பின்தொடர்ந்த வினிஃப்ரட், ப்ரிசில்லாவைத் தாண்டும்போது நின்றாள். அவளுடைய சால்வையை ஒரு விரற்கடை கீழே இழுத்து, ஜிப் தெரியாதபடி மூடிவிட்டு உள்ளே போனாள்.