கெப்பாசிட்டர் சரி என்று நான் சொன்ன காலை

கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரியின் கருவிப் பராமரிப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். என் தவறான தீர்ப்புகளில் மறக்க முடியாதது இது.

கிளாவரை கிராமத்திலிருந்து விவசாயி முருகேசன், காய்கறி ஏற்றிய ஜீப்பில், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். நுரையீரல் கெட்டுப்போன அவர் மனைவி செல்வி வீட்டில் அதை வைத்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சுவிட்ச் போட்டால் கம்ப்ரஸர் உறுமியது, சுற்றவில்லை.

கம்ப்ரஸர் மோட்டாரைச் சுற்ற வைக்கும் கெப்பாசிட்டரைக் கழற்றி, சார்ஜை இறக்கி, கையிலிருந்த சாதாரண மல்டிமீட்டரில் வைத்தேன். மேலே எழுதியிருந்த பத்து மைக்ரோஃபாரட் அப்படியே வந்தது. கெப்பாசிட்டர் சரி, அப்படியானால் கோளாறு கம்ப்ரஸரில்தான் என்று முடிவுகட்டினேன்.

"கம்ப்ரஸர் போயிருச்சுங்க. புதுசு மதுரையிலேர்ந்து வரணும், ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் அம்மாவ இங்க வார்டுல சேத்துருங்க."

"ஜீப் குலுக்கலுக்கு அவ தாங்க மாட்டா சார். வீட்டுல இருக்குற ஆக்ஸிஜன் சிலிண்டரு சாயங்காலம் வரைக்குந்தான் வரும். கொஞ்சம் வெரசா எதாவது பண்ணுங்க."

பக்கத்து மேஜையில் இருந்த என் சக ஊழியர் ஸ்டெல்லா தலையைத் தூக்கினார். "சார், எல்.சி.ஆர். மீட்டர்ல வச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அது அலமாரியில் இருந்தது. எடுத்து வைக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

எல்.சி.ஆர். மீட்டர் சின்ன ஏ.சி. வோல்டேஜ் ஒன்றைக் கொடுத்து, வோல்டேஜையும் கரண்டையும் அளக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தையும் பார்க்கும். வெறும் ரெசிஸ்டன்ஸ் என்றால் இரண்டும் சேர்ந்தே போகும். கம்பிச் சுருளான காயிலில் கரண்ட் பின்தங்கும். நல்ல கெப்பாசிட்டரில் ஏறக்குறைய தொண்ணூறு டிகிரி முந்தும். கோணம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மின் நஷ்டம் உள்ளே இருக்கிறது. அதைத்தான் 'டி' என்று காட்டும்.

மீட்டரை எடுத்துவந்து, முதலில் கம்ப்ரஸர் மோட்டாரின் காயிலில் இண்டக்டன்ஸும் ரெசிஸ்டன்ஸும் பார்த்தேன். குறை இல்லை. பிறகு கெப்பாசிட்டரை நூறு ஹெர்ட்ஸில் வைத்தேன். கெப்பாசிட்டன்ஸ் அதே பத்து. ஆனால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு இருக்க வேண்டிய டி, பத்தில் மூன்றைத் தாண்டியிருந்தது. அறுத்துப் பார்த்தபோது உள் இணைப்பு கருகிக் கிடந்தது. மல்டிமீட்டரின் சின்னக் கரண்டுக்கு அது தாக்குப்பிடித்தது. மோட்டார் இழுத்தபோது விட்டுப்போயிருக்கிறது.

ஸ்டோரில் இருந்த புதியதைப் போட்டதும் கம்ப்ரஸர் சுற்றியது. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆக்ஸிஜன் அளவையும் சரிபார்த்தேன்.

முருகேசன் என்னைப் பார்த்தார். "கம்ப்ரஸர் போயிருச்சுன்னீங்களே சார்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஸ்டெல்லா அங்கேயே நின்றார்.

"நான் பாத்தது தப்புங்க. சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்."

"ஆகட்டும் சார். ஓடுதுல்ல" என்று சொல்லி மிஷினைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்து போன் செய்தார். செல்வி கஞ்சி குடித்தாராம்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மல்டிமீட்டர் அன்று பொய் சொல்லவில்லை. கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு என்று கேட்டேன், சொன்னது. நல்லதா என்று நான் கேட்கவே இல்லை.