அக்காவின் அளவு ஜாக்கெட்

மார்பு சின்னதாக இருக்கிற பெண்ணுக்கு எந்த உடுப்பு எடுப்பாக இருக்கும் என்று கேட்டால், பதுளை டவுனில் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினைந்து வருடமாக ஒரே துணிக்கடையில் சேலைப் பக்கம் நிற்கிறேன். கடைக்குப் பின்னால் கிடக்கிற மெஷினில் ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பதும் நான்தான். யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். துணியைத் தடவிக்கொண்டே நிற்பார்கள். பிறகு குரலை இறக்கி, "எனக்கு ஒடம்பு பத்தாதுங்க, இது எடுபடுமா?" என்பார்கள். அதற்கு முன் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துக்கொள்வார்கள். இவளுக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு.

தெரியும். வழுக்கிக்கொண்டு உடம்போடு ஒட்டுகிற துணி வேண்டாம், கஞ்சி போட்டது போல விறைப்பாக நிற்கிற பருத்தி எடுங்கள். முந்தானையைச் சின்னச் சின்ன மடிப்பாக்கித் தோளில் குத்தாதீர்கள், ஒற்றையாக விரித்து விடுங்கள். ஜாக்கெட்டுக்கு போட் நெக் வையுங்கள், நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் வேலைப்பாடு இருக்கட்டும். சுரிதார் என்றால் நெஞ்சில் சுருக்கு வைத்தது, அல்லது மேலே ஒரு குட்டிக் கோட். கழுத்தை இறக்கித் தைத்தாலும் பயமில்லை, நமக்கு அந்த ஒரு வசதி உண்டு. இந்தக் கடைசி வரியைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வியாபாரம் நடக்க வேண்டுமே.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் உடம்பில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது.

நாங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். எனக்குப் பத்து வயதில் அம்மா போய்விட்டாள், அடுத்த வருடமே அப்பாவும். என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்காதான் என்னை வளர்த்தாள். தான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், பிறகு துணிக்கடைக்கு அனுப்பினாள். அதே தோட்டத்தில் கல்யாணமாகி மகள் பிறந்த பிறகும் என்னைத் தன்னோடேயே வைத்துக்கொண்டாள். மலைக்குப் போகும்போது அவள் ஆம்பிளைச் சட்டை ஒன்றை மாட்டி, இடுப்பைச் சுற்றிப் படங்கு என்கிற முரட்டுச் சாக்கைக் கட்டிக்கொள்வாள். அந்தக் கோலத்தில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை சேலை கட்டி நின்றால்தான் அக்கா யாரென்று தெரியும். எங்கள் வரிசை வீடுகள், அந்த லயத்து வாசலே திரும்பிப் பார்க்கும். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்திக்கு அள்ளிக் கொடுத்த கடவுள் மற்றவளுக்குக் கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை. பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான்.

முதலில் பசறையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. வடை, தேத்தண்ணி எல்லாம் ஆயிற்று. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து அக்காவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"புள்ள மொகம் லட்சணந்தானாம். ஆனா முன்னப் பின்ன ஒண்ணு போல இருக்குன்னு சொல்றாங்க."

அக்கா அவரை வாசலோடு திட்டி அனுப்பினாள். "அவுங்களுக்கு மருமக வேணுமா, மாடு வேணுமா?" என்று அவள் போட்ட சத்தம் அடுத்த லயம்வரை கேட்டது. அவமானம் பாதி அவர்கள் சொன்னதால், மீதி அவள் அதை ஊருக்கே கேட்கும்படி சொன்னதால்.

அதனால்தான் தெமோதரைச் சம்பந்தம் வந்தபோது அந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் கூரைச் சேலையும் அதற்குப் போடுகிற ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. பெண்ணின் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்காக அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, என் வருங்கால அத்தை, கையை நீட்டி, "அளவு ஜாக்கெட்டு ஒண்ணு குடும்மா, தைக்கக் குடுக்கணும்" என்றார்.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மடித்துவைத்த என் ஜாக்கெட் சின்னப் பிள்ளையின் சட்டை போல இருந்தது. இதை அந்தம்மா விரித்துப் பார்ப்பார், தையல்காரி பார்ப்பாள், அந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியும் பார்ப்பாள். கொடியில் அக்காவின் ஊதா ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடித்தேன். அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஏண்டி, அது என்னோடதுல்ல?"

"பேசாம இரு."

"பூசணிக்காய சோத்துல மறைப்பாங்க, தெரியும். இல்லாத பூசணிக்காய எங்கடி காட்டப் போற?" என்று சிரித்தாள். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கல்யாணத்தன்று கூரைத் தட்டை மணவறையில் ஆசீர்வாதம் பண்ணி என் கையில் கொடுத்தார்கள். உடுத்திக்கொண்டு வரப் பத்து நிமிடம். அறைக்குள் போய்ப் போட்டுப் பார்த்தால் அரக்குச் சிவப்பு ஜாக்கெட் என்மேல் தொளதொளவென்று தொங்கியது. நான் அழ ஆரம்பித்தேன். அக்கா கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தன் ஏழு வயது மகளின் மாற்றுச்சட்டை இரண்டைப் பையிலிருந்து எடுத்து மடித்து இரண்டு பக்கமும் வைத்தாள். முதுகுப் பக்கம் நாலு ஊக்கு குத்தினாள்.

"குனியாத. தாலி ஏறுறவரைக்கும் நிமிந்தே இரு" என்றாள்.

கல்யாணப் படத்தில் நான் விறைத்துப்போய் நிற்கிறேன். அடக்கமான பெண் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. முதல் நாளும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் கேட்டிருந்தால் ஒரு தடவை அழுது முடித்திருப்பேன். கேட்காததால், கல்யாணத்துக்குப் பிறகு பஞ்சு வைத்து நானே தைத்துக்கொண்ட ஜாக்கெட்டுகளை விடவே இல்லை. துணி துவைத்தால் அவற்றை மட்டும் அத்தை கண்ணில் படாமல் உள்ளறையில் காயப்போடுவேன். தெமோதரை மழைக்குப் பஞ்சு காய மூன்று நாள் ஆகும். ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு கடைக்கு பஸ் ஏறிய நாட்கள் உண்டு. கூரை ஜாக்கெட் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதை இரண்டாம் தடவை போட எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலு வருடத்துக்குப் பிறகு, ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கடைக்கு வந்தாள். தீபாவளி நெருக்கம், கடையில் நிற்க இடமில்லை. நிச்சயத்தன்று நான் அளவுக்குக் கொடுத்துத் திரும்பி வந்த அதே ஊதா ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்தாள்.

"இடப்பக்கம் மட்டும் ஒரு தையல் பிரிச்சு விடேன். அந்தப் பக்கம் பிடிக்குது."

ஜாக்கெட்டுக்கு உள்ளே ஒவ்வொரு பக்கமும் மூன்று வரி தையல் போட்டிருக்கும். உடம்பு வைத்தால் ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பு வைத்தால் இரண்டு பக்கமும்தான் வைக்கும். இது தையல் பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். இவளுக்கு இன்னும் பெரிதாகிறது, எனக்கு ஈரப் பஞ்சு.

"இருக்கிற கொழுப்பு பத்தலையா? வேணாம்னா கொஞ்சம் எனக்குக் குடேன்" என்றேன்.

அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். பிளேடை எடுத்து ஒரு வரி பிரித்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை.

தைப்பொங்கல் முடிந்து மறுபடி வந்தாள். இன்னொரு வரி. அப்போதும் பிரித்தேன். அப்போதும் ஏதோ கேலி பண்ணினேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சித்திரையில் மூன்றாம் தடவை வந்தபோது கடைசி வரி மட்டும்தான் மிச்சம், அதையும் பிரித்தால் ஜாக்கெட்டே பிளந்துவிடும். கக்கத்தில் ஒட்டுத்துணி வைக்கலாம் என்று அளவு நாடாவைப் போட்டேன். என் விரல் அவள் இடப்பக்கத்தில் பட்டது. கல்லைத் தொட்டது போல இருந்தது. நாடா என் கையிலிருந்து விழுந்தது. அக்கா குனிந்து அதை எடுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிந்தி வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னார். கடிந்துகூடச் சொல்லவில்லை.

மருந்தும் மயக்கமுமாக ஒரு வருடம் போனது. அதற்குள் அவள் மகள் பெரியபிள்ளை ஆகிவிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சடங்கில் சபையில் எப்படி நிற்பது என்பதுதான் அக்காவின் கவலை. "இந்த வேலையில நீ கெட்டிக்காரி. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு" என்றாள்.

வெறும் பஞ்சு அவளுக்குச் சரிவரவில்லை. மறுபக்கத்துக் கனம் இல்லாததால் மேலே மேலே ஏறியது. கடைசியில் துணிப்பை தைத்து அதில் கடுகு நிரப்பினேன். கடுகுதான் கனமாகவும் இருந்தது, கையில் மெத்தென்றும் இருந்தது. உள்ளே வைத்துக் கொக்கியைப் போட்டபோது அக்கா கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

"அடுப்புப் பக்கம் போக மாட்டேன்டி. பொரிஞ்சிரும்" என்றாள்.

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, சும்மா பேசுகிற குரலில் அவள் சொன்னாள்: "மொத தடவை கடைக்கு வந்தேனே, அன்னைக்கு ஒங்கிட்ட காட்டத்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரரு கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ சிரிச்ச. சரி, பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நானும் சிரிச்சுட்டேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குற்றம் சொல்லத் தெரியாது. நான் கொக்கிகளைச் சரி பார்ப்பது போல அவள் முதுகுப் பக்கமே நின்றுகொண்டேன்.

சடங்குக்கு வந்தவர்கள் அக்கா தேறிவிட்டாள் என்று சொல்லிப் போனார்கள். அடுத்த ஆடியில் அவள் போய்விட்டாள்.

பிறந்த வீட்டுக் கோடி என்று ஒன்று உண்டு. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். பிறந்த வீடு என்று இருந்தது நான்தான். கடையில் ஒரு சிவப்புச் சேலை எடுத்தேன். ஜாக்கெட் தைக்க நேரமில்லை. பெட்டிக்கு அடியில் கிடந்த என் கூரை ஜாக்கெட்டை எடுத்துப்போனேன்.

குளிப்பாட்டி முடித்து உடுத்த ஆரம்பித்தோம். அத்தையும் வந்திருந்தார். ஜாக்கெட்டைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார்.

"இது ஒன் கூரைக்கு நான் தைக்கக் குடுத்ததுல்ல?"

"ஆமாங்க அத்தை. நான் குடுத்தது அக்கா அளவு. என் அளவ குடுக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அத்தனை பெண்களுக்கு முன்னால் சொன்னேன். அத்தனை வருடம் மழையிலும் உள்ளறையிலும் ஒளித்துவைத்தது ஒரு மூச்சில் முடிந்துபோயிற்று. அத்தை அக்காவின் கையைத் தூக்கிப் பிடித்து நான் ஜாக்கெட்டை மாட்ட உதவினார்.

அக்காவின் அளவில் தைத்த ஜாக்கெட் அக்காவுக்கே தொளதொளவென்று இருந்தது. அவ்வளவு இளைத்திருந்தாள். இடப்பக்கம் துணி அப்படியே உள்வாங்கிக் கிடந்தது. குளிப்பாட்டும்போது கழற்றித் தட்டில் வைத்த கடுகுப் பையை ஒரு பெண் எடுத்து நீட்டி, "இத வச்சிரலாமா? பாக்கிறவங்க கண்ணுக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

"வேணாம். அவ அப்படியே போகட்டும்" என்றேன்.

கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். போடும்போது ஜாக்கெட்டின் உள்பக்கம் விரலில் பட்டது. இடப்பக்கத்தில் மூன்று வரித் தையலும் பிரிக்காமல் இருந்தன.