டீச்சர் வீட்டுப் பாப்பா

புவனகிரி பக்கத்து அங்கன்வாடியில் இளவரசி பதினாறு வருடமாக டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும்தான் படிப்பு என்று மனதார நம்புகிறவர். தன் மகளை மட்டும் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்த்திருந்தார்.

இந்த ஜூனில் அங்கன்வாடிப் பிள்ளைகள் எட்டாகக் குறைய, வீடு வீடாகப் பிள்ளை சேர்க்கக் கிளம்பினார். மூன்று வயதுப் பெண் இருந்த ரேகா வீட்டில் முக்கால் மணி நேரம் பேசினார். ரேகா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். ஒங்க பாப்பா போற வேன்ல எம்பொண்ணுக்கும் ஒரு எடம் சொல்றீங்களா? நீங்களே பாத்து சேத்த ஸ்கூலாச்சே."

அதில் துளியும் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் இளவரசி பதில் சொல்லியிருப்பார். ரேகாவை நிமிர்ந்து பார்க்காமல், பிள்ளைகள் பெயர் எழுத வைத்திருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, வேன் டிரைவரின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.