தெருவுக்கு ஒரு ராணி ரூபாய்

1. கடையும் குழியும்

ராயபுரத்தில் பழைய வெள்ளி வாங்கும் கடையில், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தே முதுகைத் தொலைத்தவன் நான். முதலாளி ஹமீது பாய். ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் இனிமேல் செல்லாது என்று யுத்த காலத்தில் சர்க்கார் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் பானையிலும் பெட்டியிலும் கிடந்ததெல்லாம் எங்கள் கடைக்கு வந்தது. கல்லில் சுண்டிச் சத்தம் பார்ப்பேன், நிறுப்பேன், சாயங்காலம் மூசையில் போட்டு உருக்குவேன். சந்தோஷமாக வெள்ளி விற்க யாரும் வருவதில்லை. ஆஸ்பத்திரி, வாடகை, வேலை போனது என்று ஒவ்வொரு ரூபாயோடும் ஒரு கதை வரும். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

உருக்குவதற்கு முன் வருஷம் பார்த்துச் சில ரூபாய்களைத் தனியே எடுத்துவைப்பதும் என் வேலை. சேகரிக்கிறவர்கள் எடைக்கு மேல் விலை தருவார்கள். அவர்களில் முக்கியமானவர் ஏகாம்பரம், துறைமுகத்தில் ஆபீஸராக இருந்து ரிட்டயரானவர். அவர் வீட்டில் சிவப்பு வெல்வெட் தட்டு ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு ரூபாய். ஒரே ஒரு குழி மட்டும் ரொம்ப காலமாகக் காலி.

"தங்கவேலு, அந்த வருஷம் மாட்டிச்சா?" என்பதுதான் கடைக்கு வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி.

ஒரு நாள் மாட்டியது. சுடுகாட்டில் தற்காலிகமாக வேலை பார்த்த ஒருவன் சில்லறையோடு கொண்டுவந்து போட்டான். ஆள் அனுப்பியதும் ஆபீஸர் செருப்பு போடக்கூட மறந்து ஓடிவந்தார். கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனபோது அந்த மனிதர் சிரித்த சிரிப்பை வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

2. அஞ்சலை

அந்த வாரமே ஒரு காலையில், கடை திறந்ததும் ஒரு அம்மாள் தலைவிரி கோலமாக வந்து நின்றாள். பெயர் அஞ்சலை. காசிமேட்டில் மீன்காரர் தெரு.

"எங்கூட்டுக்காரரு பூட்டாரு நைனா. எங்க தெரு துட்டு இங்க வந்துகீதாம். அத்த குடு."

எனக்குப் புரியவில்லை. அவளே அழுதுகொண்டு விளக்கினாள். செத்தவர் நெற்றியில் ஒரு ரூபாய் வைப்பார்கள் அல்லவா? அது சுடுகாட்டில் வேலை செய்கிறவருக்குப் போய்விடும். அவர்கள் தெருவில் சாவுக்குச் சாவு வெள்ளிக்கு எங்கே போவது? அதனால் தெருவுக்கே பொதுவாக ஒரு ராணி ரூபாய். அதை வைத்துக் காப்பது அஞ்சலை. சுடுகாட்டில் வேலை செய்யும் கண்ணப்பன் தன் கூலியைத் தனியாக வாங்கிக்கொண்டு, ரூபாயைக் கழுவி அன்றைக்கே அஞ்சலையிடம் திருப்பித் தந்துவிடுவார். போன சாவின்போது கண்ணப்பனுக்குக் காய்ச்சல். பதிலுக்கு நின்றவனுக்கு இந்த வழக்கம் தெரியாது. விற்றுவிட்டான்.

பாய் பெட்டியிலிருந்து வேறொரு ராணி ரூபாயை எடுத்து நீட்டினார். "இத்த வெச்சுக்கம்மா. துட்டு வாணாம்."

அவள் தொடக்கூட இல்லை. "இது ஆரு நெத்தில கெடந்துது பாய்? என் மாமியாருக்கு வெச்சது அது. என் புள்ளைக்கு வெச்சது. அத்த வெச்சாத்தான் அவுங்க வந்து இவர இட்டுனு போவாங்க."

பாய் என்னைப் பார்த்தார். "இவங்கள ஆபீஸர் வீட்டுக்கு இட்டுகினு போப்பா."

3. ஆபீஸர் வீட்டு வாசல்

ஏகாம்பரம் முதலில் கோபப்பட்டார். "நான் திருடிட்டு வரலை. விலை கொடுத்து வாங்கியிருக்கேன். அந்தக் குழி நிறைய எத்தனை வருஷம் காத்திருந்தேன்னு உனக்குத் தெரியாதா தங்கவேலு?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடம்.

அஞ்சலை சண்டை போடவில்லை. "அது என் புள்ள நெத்தில கெடந்துது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு கையில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். "தரேன். ஆனா நானும் கூட வருவேன். காரியம் முடிஞ்சதும் திருப்பி வாங்கிப்பேன்."

4. ரூபாய்க்குப் பின்னால் ஒரு ஊர்வலம்

அப்படி ஒரு ஊர்வலத்தில் நான் போனதே இல்லை. பறை முன்னால் போகிறது. எல்லோரும் செத்தவரைப் பார்த்து அழுகிறார்கள். ஆபீஸர் மட்டும் நெற்றியையே பார்த்துக்கொண்டு நடக்கிறார். "சந்தனம் ஒட்டுதேப்பா, எழுத்தெல்லாம் அடைஞ்சிடுமே" என்று என் காதில் புலம்பல் வேறு. எனக்கு எரிச்சலாக வந்தது.

சுடுகாட்டில் கண்ணப்பன் ரூபாயை எடுத்து, ஒரு பிடி சாம்பல் போட்டுப் பரபரவென்று தேய்த்தார். ஆபீஸருக்குத் தன் தோலையே தேய்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். "ஐயையோ!" என்று கத்தியே விட்டார். கண்ணப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார்? எப்பவும் இப்டிதான் தேய்ப்பேன்."

ஆபீஸர் டப்பாவைத் திறந்து நீட்டினார். கண்ணப்பன் மாட்டேன் என்று தலையசைத்துவிட்டார். "அஞ்சல கையிலதான் குடுப்பேன். அப்பால அது பாடு, உங்க பாடு."

மூவருமாகக் காசிமேட்டுக்கு நடந்தோம். வாசலில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலை ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எதிரே டப்பாவோடு நிற்கிற மனிதரைப் பார்த்தாள். அவர் எதற்கு நிற்கிறார் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவே இல்லை.

"நடந்தே வந்தியா சார், இம்மாந் தூரம்? உங்கூட்லயும் நல்லது கெட்டதுன்னா சொல்லி அனுப்பு. நானே எத்துகினு வரேன்."

ஆபீஸர் டப்பாவை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார். கொடுத்த விலையைப் பாயிடம் பிறகும் திருப்பிக் கேட்கவில்லை.

5. மிஞ்சியது

சில வருஷம் கழித்து ஆபீஸர் இறந்துபோனார். அஞ்சலைக்கு யார் சொல்லி அனுப்பினார்களோ என்று பார்த்தால், அவர் மனைவிதான். வாசலில் அஞ்சலையைப் பார்த்து மகன் முகம் சுளித்தான். "அப்பா சொல்லிட்டுப் போயிருக்கார்டா, வழி விடு" என்றார் அந்த அம்மாள். சந்தனத்துக்கு மேல் அந்த ரூபாய் உட்கார்ந்தது. அன்று நான் அழுதேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் மகன் வெல்வெட் தட்டை எடைக்குப் போட எங்கள் கடைக்கே கொண்டுவந்தான். வாங்கும் ஆள் தேடலாம், கொஞ்ச நாள் பொறு என்றேன். அவனுக்குப் பொறுமை இல்லை, பாய்க்கும் கையில் அப்போது நெருக்கடி. அந்த மனிதர் ஆயுசெல்லாம் சேர்த்ததை ஒரே சாயங்காலத்தில் உருக்கினேன். அவர் கையால் பொறுக்கிய ரூபாய்களில் இன்றும் ரூபாயாகவே இருப்பது, அவர் விட்டுக்கொடுத்த அந்த ஒன்றுதான்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய ரூபாய் வந்தால் வருஷத்தைப் பாருங்கள், சத்தத்தைப் பாருங்கள், எல்லாம் சரி. மூசையில் போடுமுன் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போகும். அலுத்தாலும் கேளுங்கள்.