எல்லவில் கிரேஸ் நித்திரை கொண்ட காலை

வியாழன், காலை 5.15. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கண்டி பஸ்ஸில் இரண்டு இருக்கை பிடித்து வைத்திருந்தேன். கிரேஸ் முதுகில் சிவப்புப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். வயது அறுபத்திரண்டு. புத்தூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் நான் கணக்கும் அவள் ஆங்கிலமும் படிப்பித்தோம். அவளை இந்தக் கோலத்தில் கண்டதில்லை.

"உள்ளுக்கை என்னடி?"

"ரெண்டு உடுப்பு, போர்வை, பைபிள். நீ?"

என் பையில் ஒரு வாரத்துக்கான வடையும் இடிச்ச சம்பலும் இருந்தன.

இது விடைபெறும் பயணம். பத்தொன்பது நாளில் அவள் மகனிடம் கனடாவுக்குப் போகிறாள், ஒரேயடியாக. கணவர் இறந்து இரண்டு வருடம். அச்சுவேலியில் ஆறு அறை வீட்டில் தனியே இருக்கிறாள். மகன் ஒரு சொல் கூப்பிட்டதும் இப்படிப் பறக்கிறாளே என்று எனக்குக் கோபம். அதை அவளிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் தினமும் சொன்னேன்.

மாலை 6.50. கண்டியிலும் பண்டாரவளையிலும் பஸ் மாறி, மலையூரான எல்லவில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல். குளிர் சட்டைக்குள் புகுந்தது. தனி அறை 5,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஹொஸ்டலில் ஒரு கட்டில் 2,400. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே காசுதான். ஆனாலும் கிரேஸ் ஹொஸ்டல்தான் என்று நின்றாள்.

"கனடாவுக்குப் போக முதலே வெள்ளைக்காரரோடை பழகப் பாக்கிறாய்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஹொஸ்டலை நடத்தும் புஷ்பா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டுப் பேரு ஒரே ரூம்ல படுக்கணும்க்கா. ஆம்பளைங்களும் இருப்பாங்க. பரவாயில்லையா?"

இதை இணுவிலில் என் வீட்டுக்காரரிடம் போய் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கிரேஸ் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எல்லாம் இரட்டைத் தட்டுக் கட்டில்கள். முழங்கால் நோவுக்காரியான எனக்குக் கீழ்த்தட்டு, அவளுக்கு மேல்.

வெள்ளி, காலை 5.00. சூரியன் எழ முன் சின்னச் சிவனொளிபாத மலையில் நிற்பது என்று பேச்சு. கூப்பிட்டேன், கிரேஸ் அசையவில்லை. ஆறு மணி, ஏழு மணி. மற்ற ஆறு பேரும் எழும்பி, பல் தீட்டி, கதவை அடித்துச் சாத்திப் போய்விட்டார்கள். எனக்கு முதலில் எரிச்சல், பிறகு பயம். ஏணியில் இரண்டு படி ஏறி அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது.

8.40க்கு இறங்கி வந்தாள். வெளியே பலகை வாங்கில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்தோம். எதிரே இரண்டு மலைகள் விலகி நிற்க, நடுவே பள்ளத்தாக்கு விழுந்துகொண்டே போய், பனிப்புகாருக்கு அப்பால் தெற்குச் சமவெளி மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு அழகையும் பார்க்காமல் நான் அவளைத் திட்டினேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு வரியத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நித்திரை கொண்டனான்."

"என்ன கதைக்கிறாய்?"

"வீட்டிலை நாலு லைற்றையும் போட்டு, ரேடியோவை மெல்லப் பாடவிட்டிட்டு விடியுமட்டும் இருக்கிறனான். பகலிலை கொஞ்சம் கண்ணயருவன். கனடாவிலை மகன்ரை வீட்டிலை அஞ்சு பேர். ராவிலை ஆரும் இருமினாலும் கேக்கும். அதுக்குத்தான் போறன்."

அவள் கணவரின் செத்தவீட்டுக்கு வந்து நின்ற சொந்தங்கள் முப்பத்தோராம் நாளோடு போய்விட்டார்கள். அதன் பிறகு அங்கே யார் படுக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிழமைக்கு மூன்று தடவை ஸ்கூட்டியில் போய் வருகிற நான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பின்னேரம் ஆறு மணியடிக்க எழும்பிப் போறனி. போற ஆளை எப்படி மறிக்கிறது?"

எங்கள் பக்கம் மேடுபள்ளம் இல்லாத தரை. கண்ணுக்கு மறைவாக ஒன்றும் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மலை ஏறினோம். தேயிலைச் சரிவு, கடைசியில் படிகள்; அவள் எனக்கு முன்னால் போனாள். மேலே நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். கனடாவைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

ஞாயிறு, மாலை 7.10. யாழ்ப்பாணம். இணுவிலுக்குப் போகும் பஸ் புறப்பட நின்றது. நான் அச்சுவேலி பஸ்ஸில் கிரேஸுக்குப் பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு வீட்டுக்காரருக்கு அழைப்பெடுத்தேன்.

"எங்கை நிக்கிறாய்? இன்னும் மலையிலையோ?"

"இல்லை, அச்சுவேலிக்குப் போறன். கிரேஸ் பயணப்படுமட்டும் ராவிலை அங்கைதான் படுப்பன். சாப்பாட்டைப் பகலிலை வந்து பாக்கிறன்."

அவர் "ஓம், சரி" என்றார்.

கிரேஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் புறப்பட்டது. முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது என்று நினைத்தேன்.

"நான் குறட்டை விடுறனான், தெரியுமோ?"

"ஓம், கேட்டனான்" என்றாள் கிரேஸ், திரும்பாமலே. "அது கேட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது."