எள் இல்லை என்று சொன்னேன்

முத்தியால்பேட்டையில் சின்னதாக ஓர் உணவகம் நடத்துகிறேன். என் அவகாடோ சல்சாவுக்காகவே வருகிறவர்கள் உண்டு. பழுத்த அவகாடோவை நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், துருவிய இஞ்சி, எலுமிச்சைச் சாறு, சோயா சாஸ் சேர்த்து, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கலப்பேன். பொரித்த அப்பளத்தோடு கொடுப்பேன்.

போன மாதம் ஒரு மதியம், புதிதாக வந்த ஒரு பெண் அதைக் கேட்டார். "இதுல எள்ளு எதுவும் இல்லையே? எனக்கு எள்ளு சேர்ந்தா மூச்சே அடைச்சிடும்" என்றார்.

"ஒரு எள்ளு கூட கிடையாதுங்க, தைரியமா சாப்பிடுங்க" என்றேன். நானே செய்தது, எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பி, நல்லெண்ணெய் பாட்டிலை மூடும்போதுதான் உறைத்தது. அது எள்ளை ஆட்டி எடுத்த எண்ணெய். ஓடினேன். சல்சாவை அள்ளிய அப்பளம் அவர் வாயருகே இருந்தது. கையைப் பிடித்துவிட்டேன்.

"சாப்பிடாதீங்க. நல்லெண்ணெய் விட்டிருக்கேன். தப்பா சொல்லிட்டேன்."

அவர் எழுந்து கை கழுவினார். போய்விடுவார் என்று நினைத்தேன்.

"ஓடிவந்து சொன்னீங்கல்ல, அது போதும். எண்ணெய் இல்லாம புதுசா செஞ்சு தர்றீங்களா? நான் கூடவே நின்னு பாக்கறேன்" என்றார்.

பலகை, கத்தி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, அவர் பார்க்கப் பார்க்கச் செய்து கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இப்போதும் என் சமையலில் எனக்கு நம்பிக்கை அதிகம்தான். ஆனால் இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்கிறேன். அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.