நைனா வாங்கி வந்த டைவிங் ஜாக்கெட்

புதுச்சேரியில் கடலுக்கடியில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். திருத்தணிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் அப்பா, நாங்கள் நைனா என்போம், சென்னைக்குப் போய் எனக்கொரு டைவிங் ஜாக்கெட் வாங்கி வந்தார். காற்றடைத்தால் அது மிதக்க வைக்கும், காற்றை விட்டால் மூழ்க விடும்.

"நீயும் என் உசரந்தானே. நானே மாட்டிப் பாத்துதான் எடுத்தேன்" என்றார்.

கடலுக்குக் கொண்டுபோகும் முன் எங்கள் கிணற்றில் சோதித்தேன். வார்களை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி, குழாயில் வாய் வைத்து ஊதினேன். ஜாக்கெட் மட்டும் மேலேறிக் காதை மூடியது. நான் அதற்குள் தொங்கினேன். கடலில் இப்படி ஆனால் தலையைக்கூடத் திருப்ப முடியாது.

படியில் நின்றிருந்த நைனா, "மேல ஏறிக்கினு போவுதே" என்றார்.

"ஆங். பெருசு நைனா."

"கழட்டிக் குடு."

அவரே மாட்டிக்கொண்டார். வார்களை இழுத்துக் கட்டிக் காற்றடைத்தேன். நெஞ்சை அழுத்தவில்லை, தோளை விட்டு நகரவும் இல்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. காலமெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பயிர் செய்தவர், முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. நான் கையைப் பிடித்துக்கொள்ள, படியை விட்டார். மிதந்தார்.

வெகுநேரம் கழித்து, "கடையில மாத்திக்கலாம் நைனா" என்றேன்.

"நனைஞ்சத எவன் வாங்குவான்? உனக்கு வேற பாக்கலாம்" என்றார், மல்லாந்தபடியே.

பிறகு நானே போய் என் அளவுக்கு ஒன்று வாங்கினேன். அன்று சென்னைக் கடையில் அந்த முதல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது நைனா யாரை நினைத்திருப்பார் என்று இதுவரை கேட்டதில்லை.